குடத்தில் விழுந்த பெயர்

...இன்னொன்று, திருப்பு, சீக்கிரம் திருப்பு என்று மனம் விரட்ட, மணலில் முட்டி போட்டு உட்கார்ந்து சட்டிச் சில்லுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான் கலைச்செல்வன், ஊரார் பெயர் எழுதிப் போட்ட சில்லுக் குடத்தைக் கவிழ்த்த பஞ்சாயத்துத் தலைவர் சுப்பராயன் தலைக்கு மேலேயே நின்றார், குப்பமே சுற்றி நின்றது, இதுவரை ஒரு சில்லிலும் அக்கா சொர்ணத்தின் பெயர் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஆனால் இது யார் பெயர்? இதிலும் கலைச்செல்வன். இதிலும். கோணல் எழுத்தில், கால் விட்டுப்போன எழுத்தில், நீல மையில், கறுப்பு மையில்... இது என் பெயர் அல்லவா, இந்தக் கரையில் வேறு கலைச்செல்வன் எவனாவது இருக்கிறானா?

இல்லை, இது நடக்கவே முடியாது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்க அரசியல் பாடம் நடத்துகிறவன் அவன், ஏதென்ஸ் நகரத்து மக்கள் வேண்டாதவன் பெயரைப் பானைச் சில்லில் எழுதிப் போட்டு ஊரைவிட்டு அனுப்பிய வழக்கத்தைப் பற்றித்தான் முனைவர் பட்டம், அதைப் பற்றித்தான் கட்டுரைகள், அதை வைத்துத்தான் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல்... குஞ்சு மீனையும் வாரிவிடும், அரசு தடை செய்த சுருக்குமடி வலை வேண்டாமென்று சொர்ணம் மீன்வளத் துறைக்கு மனு கொடுத்தாள், படகுகளைப் பிடித்துப் போனார்கள், அவளை ஊர்விலக்கு வைக்க வேண்டும் என்று குப்பம் கொதித்தது. வைத்தால் கரையில் மீன் ஏலம் எடுக்க முடியாது, ஒரு ஆள் முகம் கொடுத்துப் பேச முடியாது, புருஷனும் இல்லாதவள் எதைக் கூடையில் வைத்து விற்பாள்? கையைத் தூக்கச் சொன்னால் பயத்திலேயே எல்லாரும் தூக்குவார்கள், அதனால்தான் இந்த யோசனையைச் சொன்னான். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு சில்லு, வெளியே குடியிருக்கும் அவனுக்கும் ஒன்று, யார் பெயரையும் எழுதலாம், பாதிக்கு மேல் ஒரே பெயர் வந்தால்தான் விலக்கு. ஒவ்வொருவனும் காதோடு காதாகச் சொன்னானே, உங்க அக்கா பேர நான் எழுத மாட்டேன் சார் என்று... பெயர்கள் சிதறும், அக்கா பிழைப்பாள், ஏதென்ஸின் வாக்கெடுப்பு வங்கக் கரையில் நடந்த கதை பாரிஸ் ஆய்விதழில் அச்சாகும். கணக்கில் எங்கே தப்பு?

"இன்னா தம்பி, அப்படியே உக்காந்துட்ட?" சுப்பராயன்தான். "குத்தம் பண்ணவனத்தான் அனுப்பணும்னு இல்ல, அந்தக் காலத்துல பெரிய ஆளா பாத்து அனுப்புவாங்கன்னு நீதான சொன்ன. இங்க உன்ன விட்டா பெரிய ஆளு யாரு?"

யாரோ சிரித்தார்கள். வலைக்காரன் அம்மாவாசை சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பளைக்கு இந்தக் கரைய வுட்டா போக்கிடம் ஏது? சாருக்கு மூலக்குளத்துல மாடி வூடு இருக்கு. ஊருக்குக் கோவம் வந்துடுச்சி, யாரயாவது அனுப்பித்தான ஆவணும்."

விலக்கு என்றால் சொர்ணமும் என்னோடு பேசக் கூடாதே... அந்த நினைப்பே அப்போதுதான் வந்தது, வந்தபோது அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்துவிட்டாள், முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள், குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "எந்தம்பியோட பேசக் கூடாதுன்னா என்னையும் சேத்து வெலக்கிடுங்க. என்னைக் காப்பாத்தத்தான இவ்வளவும் பண்ணான்."

"அவசரப்படாத சொர்ணம்." சுப்பராயன் கடைசிச் சில்லைக் காலால் புரட்டிவிட்டு, குனிந்து எடுத்து அவள் கையில் வைத்தார். "இத்தன பேருல ஒருத்தன் மட்டும் உன் பேர எழுதியிருக்கான். எவன்னு பாரு, அவன நாங்க கேட்டுக்கறோம்."

அவள் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். மனுவை வரி வரியாக எழுதித் தந்த எழுத்தை அவளுக்குத் தெரியாதா... ஒரே ஒரு சில்லு என்ன செய்துவிடும் என்றுதானே, அவள் பெயர் ஒரு தடவைகூட விழாவிட்டால் கட்டுரையில் போட்டியே இல்லையே, நாடகம் என்பார்களே என்றுதானே... சொர்ணம் குனிந்து பார்த்தாள், ஊரைப் பார்க்கவில்லை, அவனை.

அந்தப் பெயரை எழுதியது கலைச்செல்வன்.