சோதிக்காத மோட்டார்

பட்டறையைத் திறந்ததும் கார் எலக்ட்ரீஷியனின் கண்ணில் பட்டது வாசலில் நின்ற சாம்பல் நிறக் கார்தான். காருக்குள்ளே அறுபதை நெருங்கும் ஓர் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கைக் கண்ணாடி இறங்கவில்லை என்று போன மாதம் வந்தவர். அன்று பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. சுவிட்சை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, “மோட்டார் போச்சும்மா” என்று புதிதாக ஒன்றை மாட்டி அனுப்பியிருந்தான்.

“மறுபடியும் மக்கர் பண்ணுதாம்மா?”

“நாலாம் நாள்லேருந்தே இப்படித்தான் தம்பி. சில நேரம் இறங்குது, சில நேரம் இறங்கல.”

உள்ளே உட்கார்ந்து கதவின் உள்பலகையைக் கழற்றினான். மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தான். கண்ணாடி இறங்கியது. ஒயரை மாற்றிக் கொடுத்தான், ஏறியது. பிறகு பிளக்கில் மீட்டரை வைத்துச் சுவிட்சை அமுக்கினான். கதவு திறந்திருந்தால் மின்சாரம் வந்தது, சாத்தினால் நின்றது. கதவோரத்தில் ஒயர்கள் போகும் ரப்பர் குழாயை விலக்கினான். உள்ளே ஓர் ஒயர் அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது.

பழைய இரும்புப் பெட்டியைக் கிளறி, போன மாதம் கழற்றிப் போட்ட மோட்டாரை எடுத்துப் பேட்டரியில் கொடுத்தான். அது நன்றாகச் சுற்றியது.

“ஐயா வரலையா?” என்று கேட்டான். போன தடவை முதுகுக்குத் தலையணை வைத்து பக்கத்து இருக்கையில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தது நினைவிருந்தது.

“அவர் போயிப் பத்து நாள் ஆச்சு.”

அவன் பழைய மோட்டாரைக் கீழே வைத்தான்.

“வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுல கட்டிலை விட்டா அவருக்கு இந்த ஜன்னல்தான். காத்து வரட்டும், இறக்குன்னு கேட்பாரு. நான் கதவைத் திறந்து அமுக்கினா இறங்கும். சாத்திட்டு அவர் அமுக்கினா இறங்காது. புது மோட்டாரு, உங்களுக்குத்தான் அமுக்கத் தெரியலன்னு எரிஞ்சு விழுந்தேன். அப்புறம் அவர் கேக்கறதையே விட்டுட்டாரு. இப்ப இங்க உட்கார ஆளில்ல. வீட்டுலயும் பேச்சுச் சத்தமில்ல. இருந்தாலும் இதைச் சரி பண்ணிடணும்னு தோணுச்சு.”

ஒயரை ஒட்டிவிட்டு அவன் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

“பழைய மோட்டார் நல்லாத்தாம்மா இருந்துச்சு. அறுந்தது ஒயர். அன்னிக்கு நான் சோதிச்சே பார்க்கல. தப்பு என்னுது.”

அவர் திட்டவில்லை. வேலை முடிந்ததும் கணவரின் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, சுவிட்சை அமுக்கினார். கண்ணாடி சத்தமில்லாமல் இறங்கியது.

“அவசரத்துல நீங்க மோட்டாரைக் குறை சொன்னீங்க, நான் அவரைக் குறை சொன்னேன். பத்து நிமிஷம் பொறுத்து ரெண்டு பேருமே பார்க்கல. குறை எங்க இருக்குன்னு பார்க்காம யார் மேலயும் பழி போடக்கூடாது தம்பி. பின்னால மன்னிப்புக் கேக்கலாம்னு பார்த்தா, கேக்க ஆள் இருக்க மாட்டாங்க.”