தமுக்கடித்துச் சொன்ன பெயர்கள்

மழை இரண்டு போகம் பொய்த்த பிறகு, விதைக்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கம் இனாமாக விதைநெல் கொடுத்தது. பண்டாரவளையில் ரயிலிலிருந்து இறங்கிய மூட்டைகள் மாட்டு வண்டிகளில் பதுளைக்கு வந்ததை ஸகீனா கண்ணால் பார்த்தவள். ஆற்றோரத்து ஓயாக்கரையில், இறந்த கணவன் விட்டுப்போன வயல் அவளுக்கு இருந்தது. ஆனால் நெல்லைப் பங்கிட்ட ஊர்த்தலைவன், ஆராச்சி, அவளிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

“எல்லாம் முடிஞ்சி. போ.”

“யார் யாருக்குக் குடுத்தீங்க?”

“அது அரசாங்க விசயம். ஒனக்கென்ன?”

அந்த ‘ஒனக்கென்ன’ அவளைச் சுட்டது. நேரே அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போனாள். சேவகன் விரட்டினான். மறுநாளும் போய் நின்றாள். அன்று மாலை கணவனின் அண்ணன் மொஹிதீன் புடவைக்கடையைப் பூட்டிவிட்டு அவள் வீட்டு வாசலில் வந்து கத்தினார்.

“மௌத்தாப்போன என்ட தம்பிட மானத்தக் கச்சேரி வாசல்ல விக்கிறியா?”

“வயல் காஞ்சி கெடக்கு மச்சான். மானத்தயா வெதைக்கச் சொல்றீங்க?”

அவள் விடவில்லை. கடைசியில் கச்சேரிக்குத் தலைவரான வெள்ளைக்கார ஏஜண்டுத் துரை வெளியே வந்து, துபாஷி மூலம் அவள் சொன்னதைக் கேட்டார். நெல் வாங்கியவர்களின் பெயர்களைச் சந்தையில் தமுக்கடித்துச் சொல்லும்படி உத்தரவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நெரிந்தது. கச்சேரி ஆள் ஒவ்வொரு பெயராகக் கூவினான். வயலே இல்லாத தட்டான் பெயர் வந்தது. செத்துப்போன ஒருவர் பெயரும் வந்தது. சனம் சிரித்தது. அடுத்ததாக அவன் கூவினான்:

“ஓயாக்கரை ஸகீனா, ஒரு மூட்டை!”

சிரிப்பு நின்றுவிட்டது.

“வாங்கித் திண்டுட்டா இந்த நாடகம்?” என்று யாரோ கேட்டார்கள். மீன்காரன் அவள் காலடியில் காறித் துப்பினான்.

ஸகீனா கூட்டத்தை இடித்துக்கொண்டு கச்சேரி ஆளின் முன்னால் போய் நின்றாள்.

“யார் கைல குடுத்ததாம்?”

அவன் தாளைப் பார்த்தான். “மொஹிதீன். ஒங்கட குடும்பத்து ஆம்புள எண்டு சொல்லி வாங்கியிருக்காரு.”

மொஹிதீன் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார்.

“என்ட நெல் எங்க?”

“அவிச்சாச்சி,” என்றார், தலை நிமிராமல். “ஒன்ட பேர்ல வந்தா அது எங்கட குடும்பத்துக்கு வந்ததுதானே?”

அவித்த நெல் முளைக்காது. ஸகீனா அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

“இண்டையோட அந்தக் குடும்பம் முடிஞ்சி.”

“இனி என்ட வாசல மிதிக்காத!”

“மிதிக்கமாட்டன். கச்சேரி வாசலத்தான் மிதிப்பன்.”

ஆராச்சியின் பதவி போனது. மொஹிதீன் தண்டம் கட்டினார். பொய் சொல்லி நெல் வாங்கிய வீடுகளெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. அந்த வீட்டுப் பெண்கள் ஸகீனாவைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். அதற்குள் விதைக்கும் காலம் கடந்துவிட்டதால் அந்தப் போகம் அவள் வயல் தரிசாகவே கிடந்தது. மேட்டில் தூவி விளைந்த குரக்கனை, அந்தக் கேழ்வரகை, தின்று நாளைத் தள்ளினாள்.

அடுத்த முறை பெயர்களைச் சந்தையில் சொன்ன பிறகுதான் நெல் கொடுத்தார்கள். ஸகீனாவுக்கும் ஒரு மூட்டை கிடைத்தது. வண்டிக்காரர்கள் எவரும் அதை ஏற்றவில்லை. அவள் சாக்கை அவிழ்த்து, பாதி நெல்லைத் தலையில் சுமந்து வயலுக்குப் போனாள். மீதி, அவள் பெயரைத் தமுக்கடித்துச் சொன்ன அதே நடுச்சந்தையில் கிடந்தது. அவள் திரும்பி வரும்வரை ஒருவரும் அதில் கை வைக்கவில்லை.