அப்பாவின் படத்தில் எழுத்து வரவில்லை

1

இந்தக் கதை தங்கை அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியிலிருந்து வந்தது. “அண்ணா, அப்பா படத்துல எழுத்து வரல.” இதே வார்த்தைகள்தானா என்று உறுதியில்லை. ‘எழுத்தக் காணோம்’ என்றும் இருந்திருக்கலாம். செய்தியை அழித்துவிட்டேன். என் நினைவு பிசகும்போதெல்லாம் எனக்குச் சாதகமாகவே பிசகுகிறது என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கதையில் வரும் அண்ணன் நான்தான். ஆனால் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். ‘நான்’ என்று நான்கு முறை தொடங்கிப் பார்த்தேன். நான்கிலும் நல்லவனாகிவிட்டேன்.

2

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா கடைசியாக மருத்துவமனையில் பேசியதை அண்ணன் நாற்பது நிமிடம் படமெடுத்தான். மூச்சுக்கான முகமூடி அப்பாவின் வாயை மூடியிருந்ததால் உதட்டைப் பார்த்துப் படிக்க வழியில்லை. அவர் பேசியதைச் சப்டைட்டிலாக அடித்து, டிவிடியில் ஏற்றி, அண்ணன் அவளுக்குக் கொடுத்தான். பதினோரு வருடம் அவள் அதைப் பார்த்தாள். அம்மா இறந்த சில வாரங்களில் பிளேயரும் உயிரை விட்டது. கணினியில் பார்க்கிற மாதிரி மாற்றித் தரச் சொன்னாள். மாற்றினான். படம் வந்தது, குரல் வந்தது. எழுத்து வரவில்லை.

(காரணம் சின்னது. டிவிடியில் சப்டைட்டில் படத்தோடு ஒட்டியிருக்காது. குட்டிக் குட்டிப் படங்களாகத் தனித் தடத்தில் ஓடும். மாற்றும்போது அந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்து, ‘படத்தின் மேல் பதி’ என்கிற கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். போடாவிட்டால் மென்பொருள் அதை விட்டுவிட்டுப் போய்விடும்.)

அண்ணனுக்கு இது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மூன்று வாரம் “ஏதோ கோளாறு, பாக்கறேன்” என்றே பதில் போட்டுக்கொண்டிருந்தான்.

3

ஏன் என்பதற்கு ஒரு வரைவு:

அப்பா அந்தப் படத்தில் தங்கையைப் பற்றிக் கசப்பாக ஒன்று சொல்லியிருந்தார். “இவ பொறந்ததுலேருந்து எனக்கு நிம்மதியில்ல.” அண்ணனுக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் அன்பான ஒரு வரியை எழுதி

இல்லை. இது பொய். அப்பா அப்படிப் பேசுகிறவரே இல்லை. செத்தவர் தலையில் பழியைப் போடுவது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது.

4

அப்பா சொன்னது இது: “அவள இதுல கட்டிப் போட்டுடாத. வேலைக்குப் போகட்டும். அம்மாவ நீ பாத்துக்கோ.”

திரையில் ஓடிய எழுத்து இது: “அம்மாவை உன் பொறுப்பில் விடுகிறேன், மகளே. உன்னைத்தான் நம்புகிறேன்.”

தங்கைக்கு அப்போது வெளியூர் அச்சகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. துணிகளைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். படத்தைப் பார்த்தாள். பெட்டியைப் பிரித்தாள். படுக்கையில் கிடந்த அம்மாவைக் குளிப்பாட்டினாள், மலம் அள்ளினாள், பதினோரு வருடம். அண்ணன் மாதம் ஒருமுறை வந்தான். “உன்ன மாதிரி யாரு பாத்துப்பா” என்று அவள் கையில் எழுதிக் காட்டிவிட்டுப் போனான். அந்த டிக்கைப் போட்டால் அதே பொய்யை இரண்டாம் முறையும் தன் கையாலேயே பதிக்க வேண்டியிருந்தது.

5

மூன்று வாரம் காத்திருந்தவள் டிவிடி வட்டைத் தானே எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கும் வீடியோக் கடைக்குப் போனாள். தன்னால் போனில் பேச முடியாது என்பதால் அண்ணன் நம்பரைக் கொடுத்தாள். நான்காம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார்.

“சார், எழுத்த மீட்டுட்டேன். ஆனா ஒரு இடத்துல மட்டும் பேச்சு ஒண்ணு, எழுத்து ஒண்ணா இருந்துச்சு. நேரம் தள்ளிப் போயிருக்கும்னு முன்ன பின்ன நகத்திப் பாத்தேன். ஒட்டவே மாட்டேன்னுது.”

“பழசுங்க. விட்டுடுங்க.”

“எப்படி சார் விடறது? காது கேக்காதவங்க பாக்கறது. பெரியவர் பேசுறத நானே நாலஞ்சு தடவ கேட்டு, அந்த இடத்த மட்டும் சரியா அடிச்சிட்டேன்.”

“தங்கச்சிகிட்ட குடுத்துடாதீங்க. நான் வந்து வாங்கிக்கறேன்.”

“இப்பதான் சார் வாங்கிட்டுப் போனாங்க. எந்த இடம்னு சீட்டுல குறிச்சும் குடுத்திருக்கேன்.”

கடைக்காரரைக் கொஞ்சம் அலட்சியக்காரராக எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால் கதை நகரவே இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிற ஒருவர் போதும், என்னைப் போன்றவன் தொலைந்துபோக.

6

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

அவள் அழுதுவிட்டு மன்னித்தாள். (அண்ணன் எழுதிய முடிவு.)

வட்டை உடைத்தாள். (சினிமா.)

அவளுக்கு இது எப்போதோ தெரியும், அண்ணனுக்காகத்தான் சொல்லாமல்

நடந்தது இதுதான். சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. “பாத்தேன்.” பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன.

“மத்த இடமெல்லாம் சரிதானா?”

“சரிதான். சத்தியமா,” என்று அண்ணன் போட்டான்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க வேணாம்னுட்டாங்கன்னு சொன்னியே, அது?”

“எனக்கு ஆபரேஷன் பண்ணாலும் காது வராதுன்னு டாக்டர் சொன்னதா சொன்னியே, அது?”

அந்த வீட்டில் அவளுக்காகக் கேட்டுச் சொன்னவன் அவன் ஒருவன்தான். இந்த இரண்டில் ஒன்று உண்மை. எது என்று இங்கே எழுதினால் நம்புவீர்களா? அவளுக்கான பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

7

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. தங்கை வெளியூர் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறாள். நாற்பத்தாறு வயதில், தன்னில் பாதி வயதுள்ளவர்களுக்குக் கீழே. யார் என்ன சொன்னாலும் சொன்னவரிடமே காகிதத்தை நீட்டி எழுதித் தரச் சொல்கிறாளாம். கடைக்காரர் அதே கடையில் இருக்கிறார். தெருவில் பார்த்தால், “படம் நல்லா ஓடுதா சார்?” என்று கேட்கிறார். ஓடுகிறது என்கிறேன். அவள் அண்ணனுக்கு எழுதுவதில்லை.