லோடு ஏற்றினால் ஒழுகும் லாரி

வருஷக்கணக்காக அடுத்தவர் வண்டியை ஓட்டிய டிரைவருக்கு இது முதல் சொந்த லாரி. அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி. சில மாதங்களிலேயே, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து வீட்டு வாசலில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது.

வாரண்டி இருந்ததால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டார். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை மாற்றிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பழையபடி சொட்டியது. மறுபடி சீல், மறுபடி சொட்டு. அடுத்த முறை போனபோது எஞ்சினைக் கழுவித் துடைத்து, நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்து, "லீக்கே இல்லியே அண்ணே" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவரும் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார். ரோட்டில் குறுக்கே வருகிறவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிற மனுஷர், ஏசி அறையில் உட்காரவைத்தால் மட்டும் பூனைக்குட்டி ஆகிவிடுவார்.

வாசலில் மரத்தூள் போட்டுத் தேய்த்தே மனைவிக்குக் கை ஓய்ந்துவிட்டது. வாரண்டி முடியவும் அதிக நாள் இல்லை.

"இந்தத் தடவ நானும் வர்றேன்," என்றாள்.

"சண்ட கிண்ட போட்டுடாத."

"பின்ன, மாலையா போடுவாங்க?"

சர்வீஸ் சென்டரில் மேனேஜர் புதிதாக வந்திருந்தார். அவள் மூச்சு விடாமல் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார்.

"காலி வண்டியில சொட்டுதா, லோடு இருக்கும்போதா?"

"லோடோட மேடு ஏறி வந்தா மட்டுந்தான் சார். காலியா ஓடினா ஒரு சொட்டு இருக்காது."

"இத ஏங்க முன்னாடியே சொல்லல?"

"யாரும் கேக்கல சார்."

"எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று மனைவி அவர் பக்கம் பாய்ந்தாள். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு லோடு ஏத்திட்டு வாங்க. நானும் கூட வர்றேன்," என்றார்.

மறுநாள் டைல்ஸ் லோடோடு மூவரும் மலைப்பாதையில் ஏறினார்கள். வளைவுகள் ஆரம்பித்ததுமே மேனேஜர் முகம் வெளுத்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடி, ஓரத்தில் வாந்தி எடுத்தார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"வண்டிக் கம்பெனியில வேல, ஆனா வண்டி ஒத்துக்காது. வெளிய சொல்லிடாதீங்கம்மா."

"திரும்பிடலாம் சார்."

"வேணாம், மேல போங்க. பாக்காம விடக் கூடாது."

உச்சிக்குப் போனதும் எஞ்சினை ஓடவிடச் சொல்லி, தரையில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தார். வெளியே வரும்போது வெள்ளைச் சட்டையில் கறுப்புத் திட்டு. எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை தள்ளியது.

"சீல் மேல குத்தமே இல்ல. எஞ்சின் உள்ள சேர்ற காத்து வெளிய போற வால்வு அடைச்சிருக்கு. லோடுல அழுத்தம் ஏறினதும் எண்ணெய் கிடைச்ச இடுக்குல வெளிய வருது. நாங்க இடுக்க மட்டும் அடைச்சுக்கிட்டே இருந்திருக்கோம். தப்பு எங்க மேலதான், மன்னிச்சுக்கங்க."

டிரைவர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வால்வையும் சீலையும் மாற்றினார்கள். எண்ணெயில் ஊறிப்போன கிளட்ச் பிளேட்டையும், இவர்கள் கேட்காமலேயே, வாரண்டியில் சேர்த்து மாற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர். வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது அவர் வேறொருவருடைய லாரிக்கு அடியில் இருந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலைப் பார்த்துத்தான் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு மழைக்காலம் முழுக்க லாரி லோடோடு மலை ஏறி இறங்கியது. ஒரு நாள் சாயங்காலம், காய்ந்து கிடந்த வாசலைப் பார்த்தபடியே மனைவி போனை எடுத்தாள்.

"என்னம்மா, மறுபடியும் ஒழுகுதா?" மேனேஜர் குரலில் கலவரம்.

"இல்ல சார், ஒழுகல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ரொம்ப நன்றி சார்."

"ஒழுகலன்னு சொல்றதுக்கு இதுவரைக்கும் யாரும் போன் பண்ணதே இல்லம்மா," என்றார் அவர். "அண்ணன் பக்கத்துல இருந்தா குடுங்க, அவர்கிட்டயும் ஒரு வார்த்த பேசிக்கிறேன்."