கணவாய் ஏறாத கார்

மனைவி ஜூரா இறந்த பிறகு கலிஸ் காரைத் தொடவில்லை. அது குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து நின்றது. நாற்பதாம் நாள் விருந்து நெருங்கியபோது ஜூராவின் தம்பி ஓர்மோன் காரா-பால்டாவிலிருந்து லாரி ஏறி, கலிஸின் மலை ஊரான சூசாமிருக்கு வந்து சேர்ந்தான். காரா-பால்டாவில் அவன் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். அவனுடைய சொந்த வண்டி மட்டும் பல மாதமாக எஞ்சின் பிரித்தபடி கிடக்கிறது.

விருந்துக்கு அரிசியும் மாவும் வாங்கக் கணவாயைத் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும். ஓர்மோன் காரைக் கிளப்பிக்கொண்டு போனான். ஊர் எல்லை மேட்டிலேயே திரும்பி வந்துவிட்டான்.

"மச்சான், இதுக்கு டீசல் ஊத்துறீங்களா, நிலக்கரி போடுறீங்களா? கறுப்பா கக்குது. பின்னாடி வந்த கழுதை முந்திக்கிட்டுப் போகுது."

"ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றான் கலிஸ். "டர்போ போயிருக்கும்."

"எல்லாரும் முதல்ல டர்போவைத்தான் குத்தம் சொல்லுவாங்க. பாப்போம்."

ஓர்மோன் பானட்டைத் தூக்கினான். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தான், சுத்தமாகவே இருந்தது. பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டு, டர்போவின் சின்னச் சக்கரத்தைச் சுழற்றினான். அது தடங்கலில்லாமல் சுற்றியது. முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தான். ஆட்டம் இல்லை. விரலில் பிசுபிசுப்பாக எண்ணெயும் ஒட்டவில்லை.

"டர்போ நல்லாத்தான் இருக்கு. ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணி மிதிங்க."

கழற்றியதையெல்லாம் மாட்டிவிட்டு, டர்போவிலிருந்து போகும் தடித்த ரப்பர் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டான். மிதிக்கும்போது அது காற்று அடைத்து விறைக்க வேண்டும். விறைக்கவில்லை. எங்கோ அடியில் உஸ்ஸென்று சத்தம் வந்தது. ஓர்மோன் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான்.

"குழாய் கிளாம்ப் ஓரமா கிழிஞ்சிருக்கு, மச்சான். டர்போ அடைக்கிற காத்தெல்லாம் இதுல போயிடுது. வண்டிக்கு மூச்சே இல்ல."

கலிஸ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். குனிந்து பார்த்தான். கிழிசலின் ஓரம் தேய்ந்து வழவழத்திருந்தது. அதைச் சுற்றிக் கரியும் எண்ணெயும் கட்டியாக இறுகியிருந்தன.

"இது அன்னிக்கே கிழிஞ்சிருந்துச்சா?"

எந்த நாள் என்று ஓர்மோன் கேட்கவில்லை. வயிற்று வலியால் துடித்த ஜூராவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, இதே காரில்தான் கலிஸ் கணவாய் ஏறினான். லாரிகள்கூட அவனை முந்திப் போயின. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் கண் திறக்கவேயில்லை.

ஓர்மோன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கிழிஞ்சிருந்துச்சு" என்றான். "பொய் சொல்லலாம். நீங்களே பாத்துட்டீங்க."

"எவ்வளவு நேரம் போயிருக்கும்?"

"அரை மணி. கூடவும் இருக்கலாம். டாக்டர் என்ன சொன்னாரு? முந்தின நாளே குடல் வெடிச்சிருச்சுன்னுதானே? புல் அறுப்பு முடியட்டும்னு வலிய மறைச்சது அக்கா."

"ம்."

"அரை மணியில ஒண்ணும் மாறியிருக்காது, மச்சான்."

"டாக்டர் அப்படிச் சொல்லல."

"இல்ல. நான் சொல்றேன்."

இப்போது அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று கலிஸ் காத்திருந்தான். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல், அந்த அரை மணியை மனத்துக்குள் கிள்ளிக்கொண்டே நின்றான். ஒன்றும் வரவில்லை. கிளாம்ப் திருக ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமா என்று மட்டும் கேட்டான்.

ஓர்மோன் கிழிந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக் குழாயை இழுத்து மாட்டி இறுக்கினான். எட்டியது. இது கொஞ்ச நாள் தாங்கும், புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்றான்.

டவுனுக்குக் கலிஸ்தான் ஓட்டினான். ஏற்றத்தில் மிதித்ததும் மெல்லிய விசில் சத்தத்தோடு கார் முன்னே தாவியது. புகை இல்லை. வளைவுகளில் லாரிகளை ஒவ்வொன்றாக முந்தினார்கள். கணவாய் உச்சியில் குகைப்பாதை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கலிஸ் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

குகையைக் கடந்து இறக்கத்தில் விழுந்ததும் பக்கத்து சீட்டில் ஓர்மோன் அழ ஆரம்பித்தான். முதலில் இருமல் என்றே கலிஸ் நினைத்தான். அடக்கம் அன்று ஜூராவைக் கிடத்தியிருந்த கூடாரத்தைச் சுற்றி ஊரே ஓலமிட்டபோது தண்ணீர் சுமந்துகொண்டு ஓடியவன் இவன்; அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"நிறுத்தட்டுமா?" என்றான் கலிஸ்.

"வேணாம், ஓட்டுங்க. கடைய மூடிடுவான்."

கலிஸ் தன் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கியரைக் குறைத்து, அடுத்த வளைவில் அவன் தலை கதவில் இடிக்காதபடி வண்டியை நிதானமாகத் திருப்பினான்.