பூச்சி மாத்திரை

ஊர்ப் பிள்ளைகள் வளர்கிற கணக்கு அந்தத் தையல்காரிக்கு விரல்நுனியில் தெரியும். பள்ளி திறந்தால் போதும், சீருடைப் பாவாடைகள் வந்து குவிந்துவிடும். மடிப்பைப் பிரித்து நீளம் இறக்கியே அவளுக்கு முதுகு ஒடியும். அவள் மகளுடைய பாவாடை மடிப்பு மட்டும் தைத்தது தைத்தபடி இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. தட்டில் வைத்ததை வழித்துத் தின்பாள். உடம்பிலோ எலும்பும் தோலும், வயிறு மட்டும் உப்பல். "சாப்பிடறதெல்லாம் எங்கடி போகுது?" என்று கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பிறந்தபோதே உள்ளங்கை அளவுதான். "பூச்சி மாதிரி இருக்கா" என்று அப்பன் ஆசையாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் பூச்சி, தெருவில் பூச்சி, வகுப்பிலும் பூச்சி.

ஒரு மாலை துவைக்க எடுத்த மகளின் சட்டைப் பையில், எச்சில் பட்டு ஊறிய மாத்திரை ஒன்று கிடந்தது. அன்று பள்ளியில் எல்லாருக்கும் கொடுத்த பூச்சி மாத்திரை. தையல்காரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"மென்னு முழுங்குன்னு கொடுத்தா, துப்பி ஒளிச்சு வெச்சிருக்கியா?"

பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். தட்டைத் தள்ளுகிற பிள்ளையே அல்ல அவள். அம்மா மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"என்னடா ஆச்சு? கசந்துச்சா?"

"இதைச் சாப்பிட்டா பூச்சியெல்லாம் செத்துப்போயிடும்னு நர்ஸக்கா சொன்னாங்க." உதடு பிதுங்கியது. "எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தாங்க. நான் செத்துடுவேனாம்மா?"

அம்மாவுக்கு வந்த சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

"அட என் கண்ணே, அந்தப் பூச்சி வேற. வயித்துக்குள்ள புழுவா இருக்கும். நீ திங்கிறதை அது தின்னுடும். அதான் நீ வளராம சின்னதாவே இருக்கே."

"சின்னதா இருக்கேன்னுதானே நீயும் என்னைப் பூச்சிங்கிறே?"

ஊசி குத்துவது தையல்காரிக்குப் பழக்கம்தான். இது வேறு குத்து. பிள்ளை வளராததையே பேராக வைத்து இத்தனை நாள் கொஞ்சியிருக்கிறோமே என்று பொட்டில் அறைந்தாற்போல் இருந்தது.

மறுநாள் தையல் கடையைப் பூட்டிவிட்டு மகளோடு பள்ளிக்குப் போனாள். விடுபட்ட பிள்ளைகளுக்காக நர்ஸ் மறுபடி வந்திருந்தாள். பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"மாத்திரை பூச்சியைத்தான் கொல்லும். ரத்தம் ஊற முட்டை, கீரை, பருப்புன்னு நீங்கதான் கொடுக்கணும். கக்கூஸுக்குச் செருப்பில்லாம விடாதீங்க, பூச்சி கால் வழியாவும் ஏறும்" என்றவள், பிள்ளையிடம் குனிந்தாள். "உன் பேர் என்ன பாப்பா?"

பிள்ளை அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூச்சை இழுத்து, பள்ளியில் சேர்த்தபோது எழுதிய முழுப்பேரையும் இனிஷியலோடு வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். மாத்திரையை நறநறவென்று மென்றாள், தண்ணீர் குடித்தாள், நாக்கை நீட்டிக் காட்டினாள்.

வாசலுக்கு வந்ததும் அம்மாவின் பழைய பழக்கம் எட்டிப் பார்த்தது. "வாடி என் பூ..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது செத்துப்போச்சும்மா" என்றாள் மகள். "இனிமே சாப்பாடெல்லாம் எனக்குத்தான்."