எல்லா பிரவுசரிலும் ஒரே முகம்

மாட்டுங்கா சமாஜத்தின் வரன் பார்க்கும் வெப்சைட்டைக் கவனித்துக்கொள்வது பத்மஜாவின் பொறுப்பு. அதில் அவள் படமும் இருந்தது, வயது முப்பத்தாறு என்ற விவரத்தோடு. லேப்டாப்பில் லட்சணமாக நின்ற பெண்கள் எல்லாம் ஐபோன் பிரவுசரில் மட்டும், தலையில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் நசுங்கி அகலமாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு வரனும் தட்டிப்போகும்போது அம்மா ஷ்யாமளா, "அவா ஐபோன்ல பார்த்திருப்பா, வேறென்ன" என்பாள். பத்மஜாவும் அதையே நம்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீம்பாக உட்கார்ந்தாள். படங்களின் உயரத்தை ஒரே அளவில் கட்டிப்போட்டிருந்ததுதான் வினை. அதை எடுத்துவிட்டு, அகலத்துக்குத் தக்கபடி உயரம் தானே அமையும்படி விட்டாள். இப்போது எதில் திறந்தாலும் ஒரே முகம். கைநழுவிப்போன செம்பூர் வரன் வீட்டாரை மறுபடி பார்க்கச் சொல்லி அம்மாவே போன் போட்டாள்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தவளுக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "படம் இப்ப நன்னாத் தெரியறதாம். வேண்டாம்னுட்டா."

பத்மஜா காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து, தன் படத்தை மட்டும் பழையபடி நசுங்க வைத்தாள்.